நெவில் ஆக்ஸ்லியின் முதல் வார்த்தை

நெவில் ஆக்ஸ்லி இங்கிலாந்தின் வடக்கே பார்ன்ஸ்லியில் வீடு மாற்றும் லாரியில் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் விட்ட கோடையில் ஏறியவர், இன்னும் இறங்கவில்லை. பெரிய தோள். காதுகள் எப்போதும் சிவந்திருக்கும். காலையில் லாரியின் பின்கதவைத் திறக்கும்போதே சீட்டியடிக்கத் தொடங்குவார். சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். பேச்சு மட்டும் அவ்வளவாகக் கிடையாது.

அது முசுட்டுத்தனம் இல்லை. கையிலிருந்த சில சின்னச் சொற்களே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. 'ரைட்' என்றால் தூக்கு. கொஞ்சம் இழுத்துச் சொன்னால் இறக்கு. டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னால் கிளம்பலாம். படுக்கை சுலபமாக உள்ளே போய்விடும் என்று வீட்டுக்காரர் அடித்துச் சொல்லும்போது இவர் 'ரைட்' என்றால், அந்தப் படுக்கை போகாது. 'நாதென்' என்பது வணக்கம். அழும் குழந்தையிடம் அதுவே ஆறுதல், குரைக்கும் நாயிடம் எச்சரிக்கை. ஒருமுறை மாடிப்படியில் பியானோ சறுக்கியபோது அவர் சொன்ன 'நாதென்' கடவுளை நோக்கியது என்றுதான் லாரியில் அவரோடு வேலை செய்யும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். பியானோ நின்றது. 'லவ்' என்று அவர் அழைக்காத ஜீவன் ஊரில் இல்லை. பேக்கரிப் பெண், போலீஸ்காரர், கீல் கழன்ற அலமாரி, எல்லாமே லவ்தான்.

எல்லாவற்றிலும் கடினமானது 'அய்'. ஆமாம் என்பதற்கும் அதுதான். பார்க்கலாம், சொல்லிக்கொண்டே போ, நீ சொன்னது காதில் விழவில்லை, செத்தாலும் மாட்டேன் என்பவற்றுக்கும் அதுதான்.

ஒரே மகள் லியான். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். டோபி என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். டோபியின் வீட்டார் சர்ரே பக்கம், தெற்கு. சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்பதற்கும் முழு வாக்கியம் அமைப்பவர்கள். மற்றபடி நல்லவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் லியான் அப்பாவிடம் கேட்டாள். நெவிலின் மனைவி ஜேனிஸ் அப்போது அங்கே இருந்தாள். பின்னால் ஊருக்கெல்லாம் சொன்னவளும் அவள்தான்.

"அப்பா, கல்யாணத்துல பொண்ணோட அப்பா பேசணும். தெரியுமில்ல?"

"அய்."

"பேசுவியா?"

"அய்."

"கஷ்டமா இருந்தா இப்பவே சொல்லிடு. கார்டன் மாமா ரெடியா இருக்காரு. ஆனா எனக்கு நீ பேசணும். ரெண்டு வார்த்தை போதும்."

நெவில் எழுந்துபோய், கழுவி வைத்திருந்த கோப்பையை மறுபடி கழுவினார். பிறகு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"அது எந்த 'அய்'மா?" என்று லியான் கேட்டாள்.

"பார்க்கலாம் 'அய்'."

"எனக்கு சரிங்கிற மாதிரிதான் கேட்டுச்சு."

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவ நான். சரின்னு சொல்ற 'அய்' கடைசியில கொஞ்சம் மேல ஏறும். இது ஏறல."

கார்டன் ஜேனிஸின் அண்ணன். கம்பள வியாபாரி. குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பேசுவார். ஒரு துக்க வீட்டில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். பாக்கெட்டில் எப்போதும் குறிப்பு அட்டைகள் இருக்கும்.

அந்த வாரம் நானும் நெவிலும் ஒரு லோடு ஏற்றிக்கொண்டு வேக்ஃபீல்டு போனோம். பாதி வழியில் அவராகவே வாயைத் திறந்தார்.

"கார்டன் நல்லா பேசுவான்."

"பேசுவாரு," என்றேன்.

அதற்குப் பிறகு வேக்ஃபீல்டு வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். சீட்டி இல்லை. பியானோவோடு மூன்றாம் மாடி ஏறச் சொன்னால் யோசிக்காமல் ஏறுவார். எல்லோரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து நிற்பதென்றால்தான் அவருக்குப் பயம். நிற்காவிட்டாலோ, தன் பெண்ணின் கல்யாணத்தில், தான் நிற்க வேண்டிய இடத்தில் கார்டன் நின்று பேசுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டில் எது மோசம் என்று அவர் எடை போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எங்கள் கம்பெனி பெவ்வினுடையது. அவள் அப்பா விட்டுப்போன லாரிகள். பெவ்விடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு, அதில் பிஸ்கட் இருந்து நான் பார்த்ததில்லை. குதிரைப் பந்தயத்துக்குச் சீட்டுக் குலுக்குவது அதில்தான். கால்பந்துக் கோப்பைக்கும் அதுதான். லாரிகளை நிறுத்தும் யார்டில் திரியும் பூனை எந்தக் கிழமையில் குட்டி போடும் என்பதற்கும் குலுக்கியிருக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவோம், கண்ணை மூடி ஒரு சீட்டு எடுப்போம். சீட்டு பலித்தவருக்கு மொத்தமும்.

கல்யாணத்துக்கும் குலுக்க வேண்டும் என்று முதலில் சொன்னது மிக். லாரி ஓட்டுபவன்.

"எழுந்து நின்னதும் பெரிசு வாயிலிருந்து முதல்ல எது வருதுன்னு போடலாம். மொத்தமே ஆறு வார்த்தைதானே வச்சிருக்காரு."

பெவ் ஆறு சீட்டு எழுதினாள். ரைட், நாதென், லவ், அய், யோசிக்கும்போது வரும் வெல், நன்றிக்குச் சொல்லும் ட்டா. நெவிலை விட்டால் கம்பெனியில் நாங்கள் ஐந்து பேர். மிஞ்சும் சீட்டு டப்பாவிலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

காலை டீ நேரம். யாரோ ஒரு வாடிக்கையாளருடைய சாப்பாட்டு நாற்காலிகளை யார்டில் வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தோம். நெவில் லாரிக்குள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். டப்பா கைமாறியது. பெவ் எடுத்தாள். பிறகு சாமான் தூக்கும் ஸ்டூ, க்ளைவ், நான், மிக். மிக் சீட்டை எடுத்துக்கொண்டு, பார்க்காமலே டப்பாவை வலப்பக்கம் நீட்டினான். எங்கள் ஊரில் குலுக்கல் டப்பா ஓர் ஆளைத் தாண்டிப் போகாது. தாண்டினால் அது அவமானம். கைக்கு அது தெரியும், மூளையைக் கேட்காது.

வலப்பக்கம் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தவர் நெவில்.

அவர் வழக்கம்போல டப்பாவில் காசைப் போட்டு, கையை விட்டுக் கடைசிச் சீட்டை எடுத்தார்.

"ட்டா," என்றார் மிக்கிடம்.

பிரித்துப் பார்த்தார். புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"நாதென்?" என்றார், இதென்ன என்ற அர்த்தத்தில்.

பெவ் டீயைக் கலக்கினாள். அவள் சர்க்கரை போடுவதில்லை. க்ளைவ் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"இது என்ன குதிரை?" என்று நெவில் கேட்டார்.

"குதிரை இல்ல நெவ்," என்றான் மிக். அவனுக்குப் பொய் வராது.

"பின்ன?"

"நீதான்."

பிறகு மிக் எல்லாவற்றையும் சொன்னான். கல்யாணம், பேச்சு, முதல் வார்த்தை, ஆறு சீட்டு. சொல்லச் சொல்ல அவன் குரல் தேய்ந்துகொண்டே போனது. நெவிலின் காதிலிருந்த சிவப்பு கழுத்துவரை இறங்கியது.

"உன்னைக் கிண்டல் பண்ணல லவ்," என்றாள் பெவ். கொஞ்சம் பொறுத்து, "கொஞ்சம் பண்ணினோம்," என்றாள்.

"காட்டுங்க," என்றார் நெவில்.

எல்லோரும் சீட்டை நீட்டினோம். லாரியில் ஏற்றிய சாமானைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் படித்தார். பெவ்விடம் 'ரைட்'. மிக்கிடம் 'நாதென்'. ஸ்டூவிடம் 'லவ்', க்ளைவிடம் 'வெல்'. என்னிடம் 'ட்டா'. அவரிடம் 'அய்'.

"கார்டன் எங்க?" என்றார்.

"எந்த கார்டன்?"

"நான் எழுந்திரிக்கல, கார்டன்தான் பேசுறான்னு வை. அந்தச் சீட்டு யாருகிட்ட?"

"அதுக்குச் சீட்டே எழுதலயே," என்றாள் பெவ். "அதை எதுக்கு எழுதணும்?"

கல்யாண மண்டபத்துக்குள் ஒட்டகம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டதுபோல அவரைப் பார்த்தாள். உண்மையும் அதுதான். நெவில் பேசாமல் இருந்துவிடலாம் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை.

அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ரைட்," என்றார். இதுவரை நாங்கள் கேட்காத ஒரு 'ரைட்'. லாரிக்குள் ஏறினார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து சீட்டிச் சத்தம் வந்தது.

அன்று சாயங்காலம் அவர் லியானுக்குப் போன் செய்தாராம். "நான்தான் பேசுறேன், கார்டன்கிட்ட சொல்லிடு" என்றாராம். லியான் மறுபடி சொல்லச் சொன்னாளாம், காது கேட்காமல் இல்லை.

அடுத்த நாளிலிருந்து எல்லோருக்கும் நெவில்மேல் திடீர் பாசம் வந்தது. பெவ் அவரைத் தனியே அழைத்து, எந்தக் கூட்டத்தையும் அடக்குவதற்கு 'ரைட்' போல ஒரு சொல் கிடையாது என்றாள். மிக், "சர்ரேக்காரங்க அவ்வளவு தூரத்திலிருந்து எதுக்கு வர்றாங்க? நம்ம பேச்சைக் கேக்கத்தான். 'நாதென்'னு ஒரு போடு போடு" என்றான். கல்யாணம் என்பதே 'லவ்'தானே என்று ஸ்டூ ஒரு மதியம் முழுக்க வாதாடினான். வந்தவர்களுக்கு நன்றி சொல்லித் தொடங்குவதுதான் மரியாதை என்று நானும் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன். க்ளைவ் மட்டும் எதுவும் சொல்லாமல் தினம் ஒரு பேக்கன் ரொட்டி வாங்கிக் கொடுத்தான்.

எல்லோருக்கும் நெவில் ஒரே பதில்தான் சொன்னார். "அய்." ஆளாளுக்கு அது மேலே ஏறியதாகவே கேட்டது.

பிறகு ஒரு நாள் வோம்வெல்லில் ஒரு வீடு. குறுகிய படி, மூன்று கதவு வைத்த அலமாரி. நானும் மிக்கும் கீழே, நெவில் மேலே. அலமாரிக்கு அடியில் கையைக் கொடுத்துவிட்டு அவருடைய 'ரைட்'டுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. கடைசியில் மேலேயிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் தயாரா இருந்தீங்கன்னா, இதை இப்ப கொஞ்சம் தூக்கலாம்னு எனக்குத் தோணுது."

மிக் என்னைப் பார்த்தான். "யாருடா மேல?"

"அலமாரியைத்தான் சொன்னேன்," என்றது குரல்.

மிக் சிரித்த சிரிப்பில் அலமாரி என் வயிற்றில் வந்து சாய்ந்தது. சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்தாள்.

"எல்லாம் நல்லா போகுதா?"

"ரொம்ப நல்லா போயிட்டிருக்கு மேடம். நீங்க அக்கறையா வந்து கேட்டது எங்களுக்கு சந்தோஷம்," என்றார் நெவில்.

அவள் உள்ளே போய்க் கைப்பையை எடுத்து இடுக்கிக்கொண்டாள்.

லாரியில் ஏறியதும் மிக் பிடித்துக்கொண்டான். "யோவ் பெரிசு, என்ன ஆச்சு உனக்கு? படியில எதுலயாவது இடிச்சிக்கிட்டியா?"

நெவில் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். பிறகு பேசினார்.

"நான் 'ரைட்'னு ஆரம்பிச்சா பெவ்வுக்குப் போகும். 'நாதென்'னா உனக்கு. 'ட்டா'ன்னா இவனுக்கு. எதைச் சொன்னாலும் ஒருத்தருக்குக் குடுத்து மத்தவங்க கையைத் தட்டிவிட்ட மாதிரி ஆகும். தினமும் கூடச் சேர்ந்து தூக்குறவங்க நீங்க."

"அப்ப உன்னோடதைச் சொல்லு. 'அய்'."

வாடிக்கையாளருடைய கடிகாரத்தை எடுத்து ஒளித்துவை என்று சொன்னதுபோல நெவில் அவனைப் பார்த்தார்.

"ஓடுறதும் நானு, பணத்தைக் கட்டினதும் நானா? அதுக்குப் பேரு என்ன?"

மிக் தலையைச் சொறிந்தான். "அப்ப வேற என்னதான் வச்சிருக்க நீ?"

"அதான் தேடுறேன். நான் யோசிக்கிறதுக்குள்ள வாய் முந்திக்குது. அதனால வேலையிலயே அந்த ஆறையும் விட்டுப் பழகுறேன்."

எனக்கும் மிக்குக்கும் அவர் சொல்வது நியாயமாகப் பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குலுக்கலைக் கலைத்துவிடலாம் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எடுத்த சீட்டு எடுத்ததுதான்.

அந்த வசந்தம் முழுவதும் வேலை மெதுவாக நடந்தது. விரல்கள் நசுங்கின. யார் அந்த மரியாதையான மனிதர் என்று வாடிக்கையாளர்கள் பெவ்வுக்குப் போன் செய்தார்கள். நெவில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். நீளமாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்தாக வேண்டும், முடித்த இடத்தில் இன்னொன்று நிற்கும். அவர் சிறுவயதில் வளர்த்த முயலைப் பற்றி எங்களுக்குத் தெரியவந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது என்பது தெரியவந்தது. ஒரு நாள் ஜேனிஸ் யார்டுக்கே வந்துவிட்டாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க அவரை? சாப்பிடும்போது பேசுறாரு."

"எதைப் பத்தி?" என்றாள் பெவ்.

"நேத்து பட்டாணியைப் பத்தி. என்னால சீரியல் பார்க்க முடியல." கோபமாகச் சொல்லிவிட்டு, தானே சிரித்துவிட்டாள்.

கல்யாணம் எங்கள் தொழிலாளர் கிளப் ஹாலில். நெவில் புது கோட்டில் இருந்தார், தோள் பக்கம் இறுக்கம். சர்ரே பெண்கள் பெரிய தொப்பிகளோடு வந்து, பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். சாப்பாடு, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை'யும் மசித்த பட்டாணியும். சமையலறையிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. பேச்சு முடிந்ததும் பரிமாறுவதாக ஏற்பாடு.

கார்டன் பளபளக்கும் வெயிஸ்ட்கோட்டில் இருந்தார். மார்புப் பையில் அட்டைகள் தலைநீட்டின. "ஒரு பேச்சுக்குத்தான் வச்சிருக்கேன்," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளப் மேனேஜர் கண்ணாடிக் கோப்பையில் கரண்டியால் தட்டினார். பெண்ணின் தகப்பனார் பேசுவார் என்றார்.

நெவில் எழவில்லை. மேசை விரிப்பின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஹால் அமைதியானது. அந்த அமைதி பழசாகத் தொடங்கியது. கார்டன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார், கை பாக்கெட்டுக்குப் போனது. லியான் அவர் பக்கம் திரும்பவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த கைக்குட்டை கயிறுபோல முறுகியிருந்தது.

நெவில் எழுந்தார்.

வாயைத் திறந்தார், மூடினார். எங்கள் மேசையில் யாரும் மூச்சு விடவில்லை. பெவ்வின் உதடுகள் 'ரைட்'டுக்காகக் குவிந்தே நின்றன. நெவில் எங்கள் பக்கம் பார்த்தார். சோபாவைத் தூக்குவதற்கு முன் கதவின் அகலத்தைப் பார்க்கும் பார்வை.

"மூணு வயசுல லியான் ஒரு அட்டைப்பெட்டிக்குக் குடி போனா," என்றார்.

மிக் சீட்டைக் கசக்கி மேசைமேல் போட்டான். அவன் அவ்வளவு சந்தோஷமாக எதையும் தோற்று நான் பார்த்ததில்லை.

"பெரிய பெட்டி. நான் வேலையிலிருந்து கொண்டுவந்தது. ஜன்னல் வேணும்னு அவ கேட்டா, வெட்டிக் குடுத்தேன். வாடகை கேட்டேன். பிஸ்கட் குடுத்தா. பாதி பிஸ்கட், மீதி பாதியை முன்னாடியே தின்னுட்டா."

முதலில் எங்கள் மேசை சிரித்தது, பிறகு ஹால்.

"ஒரு மழையில பெட்டி ஊறிப்போச்சு. பொம்மை, தலையணை, எல்லாத்தையும் மாடிப்படிக்கு அடியில மாத்திக் குடுத்தேன். நான் அவளுக்கு வீடு மாத்தின முதல் தடவை அதுதான்."

"கூலி வந்துச்சா நெவ்?" என்று மிக் கத்தினான்.

"எதிர்பார்த்துட்டிருக்கேன்."

மாடிப்படிக்கு அடியிலிருந்து கொல்லைக் கூடாரம். கூடாரத்தில் அவளோடு குடியிருந்த தவளை. தவளையை ஜேனிஸ் சந்தித்த விதம். அவர் குரல் முதலில் சட்டைக் காலருக்குள்ளிருந்து வந்தது, பிறகு வெளியே வந்தது, பிறகு கையும் சேர்ந்துகொண்டது. சமையலறைப் பெண் கதவருகே வந்து நின்றாள்.

"பை ஆறுது லவ்."

"இன்னும் அவ பள்ளிக்கூடத்துக்கே போகல லவ். அடுப்புல வையுங்க."

அவள் போனாள். பிறகு லீட்ஸ் நகரத்தில் லியான் தங்கிய அறை, மீன் வறுவல் கடைக்கு மேலிருந்த வீடு, கதவில் நுழையாத சோபா, அதற்காக ஜன்னலையே கழற்றியது. சர்ரே தொப்பிகள் குலுங்கின. கார்டன் அட்டைகளை எடுத்து விசிறிக்கொண்டார். புழுக்கமாகத்தான் இருந்தது. யாரும் ஜெயிக்காத பணத்தை எங்கள் வழக்கப்படி பெவ் டப்பாவோடு பாருக்கு அனுப்பிவிட்டாள். ஒவ்வொரு மேசைக்கும் பியர் வந்தது.

"இந்தப் பையன் வந்தது அப்புறம்," என்று டோபியைக் காட்டினார். "ஃப்ரிட்ஜ் இறக்கணும். ரெண்டாவது மாடி. இவன் பார்க்க பென்சில் மாதிரி இருந்தான். நீ மேல் பக்கம் பிடின்னேன். எடை முழுக்கக் கீழ பிடிக்கிறவன் மேலதான் இறங்கும். இவன் ஒண்ணும் பேசாம கீழ் பக்கம் போய் நின்னான். எனக்கு அன்னைக்கே முடிவாயிடுச்சு, மாப்பிள்ளை இவன்தான்னு."

டோபியின் அம்மா அழத் தொடங்கினாள். அவர்கள் வீட்டாரில் யாரோ கைதட்டினார்கள். இதுதான் முடிவு என்று எல்லோரும் நினைத்து, வாழ்த்திக் குடிக்கக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தோம்.

"இருங்க, உக்காருங்க," என்றார் நெவில். "ஃப்ரிட்ஜ் இன்னும் படியிலதான் இருக்கு."

ஹால் முழுக்கச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தது. கதவருகே வந்த சமையலறைப் பெண் தானாகவே திரும்பிப் போனாள். லியான் குதிகால் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளினாள். நாற்காலியை இழுத்து அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, முகத்தைக் கையில் தாங்கினாள்.

"அப்புறம்?" என்றாள்.